நிறுத்துப் போடுவதற்கு முன்: செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

வணக்கம். உங்கள் வீட்டு அறைகளில் பூட்டிக் கிடக்கும் பழைய பித்தளை, வெண்கலச் சாமான்களை எடைக்குப் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். நான் உங்கள் வீட்டுப் பெண் இல்லை. உங்கள் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்து, ஒடுக்கு எடுத்து, ஈயம் பூசிக் கொடுத்த ஒரு பாத்திர ஆசாரியின் மகள். அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பின்கட்டு வாசல் வழியாக உங்கள் வீடுகளுக்குள் வந்து போனவள். முகப்பு வழியாக நான் முதன்முதலில் உள்ளே நுழைந்தது, அகமதாபாத்தில் வடிவமைப்புப் படித்து முடித்து, வெளியூர்க்காரர் ஒருவருக்கு வீட்டைச் சுற்றிக்காட்ட வந்த அன்றுதான். பர்மாத் தேக்குத் தூண்களை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ கண்ணெல்லாம் பின்கட்டுப் பக்கமே இருந்தது. அங்கேதானே எங்கள் வேலை கிடக்கிறது!

இன்று பித்தளையிலும் வெண்கலத்திலும் விளக்கும் பாத்திரமும் வடிவமைத்துப் பிழைக்கிறேன். 'டிசைனர்' என்று சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. "படம் போடுற பிள்ளை" என்றுதான் மற்றவர்களிடம் சொல்கிறார்.

கடந்த தை மாதம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில் நான்கு அறைகளைத் திறந்தார்கள். ஊர் பெயர் வேண்டாம், வீட்டு விலாசமும் வேண்டாம். அண்டா, தவலை, கொப்பரை, சருவம், உருளி, போகணி, தாம்பாளம், தூக்கு, கூஜா, கெண்டி என்று வளவு முற்றம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். பார்த்தால் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியது போலத்தான் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும்தான் இல்லை. ஒரு மூலையில் மின்தராசு. செம்பு தனியாக, பித்தளை தனியாக, வெண்கலம் தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் இடம் அடங்க வேண்டும் என்று இரண்டு பையன்கள் சம்மட்டியால் அடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்கள். பித்தளை நசுங்கியது. வெண்கலம் நசுங்காது, உடையும். வெண்கலக் கடையில் யானை புகுந்தது போல என்பார்கள். இங்கே வாசலில் நின்றது குட்டியானை வண்டி. மூன்று நடை அடித்தது.

ஒரு சொம்பை எடுத்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளியால் பெயர் வெட்டியிருந்தது. படித்து முடிப்பதற்குள் கையிலிருந்து வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஏன் நிறுத்து விற்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒரு வீட்டுக்கு இன்று முப்பது பங்காளி, நாற்பது பங்காளி. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். வீட்டைப் பங்கு போட முடியாது. ஒருத்தர் கையெழுத்து குறைந்தாலும் கதவு கூட மாற்ற முடியாது. பாத்திரத்தை மட்டும் பங்கு போடலாம். அதையும் இந்த அண்டா உனக்கு, அந்த உருளி எனக்கு என்று ஆரம்பித்தால் மூன்று தலைமுறைச் சண்டை கிளம்பும். தராசில் ஏற்றிப் பணமாக்கிப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. நியாயமான வழிதான். கணக்கில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஐந்தொகைக் கணக்கு எழுதியவர்கள், கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் நீங்கள்.

அந்தக் கணக்கில் ஒரு இனம் மட்டும் விட்டுப்போகிறது. செய்கூலி. தங்கத்துக்குச் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று அரை மணி நேரம் பேசுகிறோமே, அதே செய்கூலி.

ஒரு தவலை எப்படி உருவாகிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்களோ தெரியாது. பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு வருவார்கள். தட்டத் தட்ட உலோகம் இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் விரிசல் விடும். அதனால் மறுபடி காய்ச்ச வேண்டும், மறுபடி தட்ட வேண்டும். எப்போது நிறுத்திவிட்டு உலைக்குக் கொண்டுபோவது என்பதைச் சுத்தியலின் சத்தம் சொல்லும். அப்பா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தட்டுவார். ஒரு கட்டத்தில் பேச்சு நிற்கும். பாத்திரம் உலைக்குப் போகும். எனக்கு அந்தச் சத்த வித்தியாசம் இன்றுவரை பிடிபடவில்லை.

அடிப்பாதி தனி, மேல்பாதி தனி. இரண்டையும் ஒட்டுவதற்கு ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, வெங்காரமும் பொடியும் வைத்து உலைச் சூட்டில் பற்றவைப்பார்கள். உங்கள் வீட்டுப் பழைய தவலையை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் வயிற்றைச் சுற்றி மெல்லிய கோட்டைமதில் போல ஒரு வரி தெரியும். அதுதான் பற்று. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் குடத்தில் இந்த வரி கிடையாது. இயந்திரத்தில் சுழலவிட்டு அழுத்தி இழுத்தது அது, தகடும் மெலிசு. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தினப்படி தண்ணீர் பிடிக்க அது போதும்.

வெண்கலத்தின் கதை வேறு. செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். மணிக்கான வெண்கலத்தில் ஏறத்தாழ நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் போகும். ஆறிய நிலையில் இதைத் தகடு போலத் தட்டி வளைக்க முடியாது. வார்க்க வேண்டும். மூசையில் உருக்கி அச்சில் ஊற்றி, ஆறியபின் உடைத்து எடுத்து, கடைசல் பிடித்து வழவழப்பாக்க வேண்டும். உருளியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் ஓசை நீண்டு ஓடும். விரிசல் இருந்தால் சட்டென்று செத்துவிடும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது என் பங்குப் பாவத்தைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு உபதேசம் பண்ணுமுன் இதைச் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றுகிறவர்கள் என்னிடம் தொங்குவிளக்கு கேட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிப் பதினோரு தவலைகள் வாங்கினேன். அடியை வட்டமாக அறுத்தெடுத்து, உள்ளே பல்ப் மாட்டி, தலைகீழாகத் தொங்கவிட்டேன். படம் பத்திரிகையில் வந்தது. எனக்கு அதனால்தான் பெயரே கிடைத்தது.

திறப்பு நாளில் அப்பாவைக் கூட்டிப்போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு விளக்கின் கீழும் நின்று பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன். ஒன்றின் கீழ் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "பல்லெல்லாம் சின்னச் சின்னதா, ஒரே சீரா வெட்டியிருக்கான் பாரு ஆத்தா. நிதானமான ஆளு. அவசரக்காரன் இப்படி வெட்ட மாட்டான்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "தண்ணி நிக்கிற சாமானை ஒழுக விட்டுட்டே" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அறுத்தபோதுதான் எனக்கு அந்தத் தவலைகள் திறந்தன. அறுத்த விளிம்பை அளவுமானியில் வைத்துப் பார்த்தேன். தட்டிய தகடு எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. அடிப்பக்கம் கனம், வயிறு விரியும் இடத்தில் மெலிவு, கழுத்தில் மறுபடி கனம், விளிம்பை மடித்துச் சுருட்டியிருந்தது. எங்கே அடி விழும், எங்கே கை பிடிக்கும், எங்கே பாரம் குறையலாம் என்று யோசித்துச் செய்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தத் தொழிலுக்குப் பாடப்புத்தகம் உங்கள் அறைகளில்தான் இருக்கிறது. பதினோரு பிரதியை நான் கிழித்தேன். நீங்கள் வண்டி வண்டியாக எடைக்குப் போடுகிறீர்கள். என்னையும் உங்கள் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அரசாங்கத்துக்கு எழுதாமல் எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. கைவினைப் பொருள்களுக்கான பூம்புகார் நிறுவனம் 1973 முதல் இருக்கிறது. சுவாமிமலை வெண்கலச் சிலைக்கும் நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் புவிசார் குறியீடு உண்டு. மெழுகில் உருவம் பிடித்து, வண்டல்மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிற சுவாமிமலை வேலையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், பேரும் பட்டமும் சாமிக்கும் விளக்குக்கும்தான் வருகிறது. சோறு வடித்த பானைக்கும் தண்ணீர் மொண்ட சொம்புக்கும் அந்த மவுசு இல்லை. சமையற்கட்டில் புழங்கியது கலையாகத் தெரிவதில்லை.

பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் ஜண்டியாலா குரு என்று ஓர் ஊர். அங்கே தட்டேரா என்னும் பாத்திரக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள், மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் வளர்ந்த குடியிருப்பு அது. நம் ஆசாரிகளைப் போலவே செம்பையும் பித்தளையையும் காய்ச்சித் தட்டிப் புழங்கு பாத்திரம் செய்கிறவர்கள். 2014இல் யுனெஸ்கோ அவர்களுடைய வேலையை மனிதகுலத்தின் கண்காணாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறின. அங்கே கையைப் பட்டியலில் சேர்த்தார்கள். இங்கே வீட்டைச் சேர்க்கப் பார்க்கிறோம். வீட்டுக்குள் இருந்ததை எடைக்குப் போட்டுவிட்டு வீட்டை மட்டும் காட்டினால் வந்தவர்கள் எதைப் பார்ப்பார்கள்? ஆத்தங்குடித் தரைக்கல்லையும் முட்டைப்பூச்சுச் சுவரையும் எத்தனை நேரம் பார்ப்பது?

கைவேலைக்கு விலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தில்லியில் விக்ரம் கோயல் என்ற வடிவமைப்பாளர் பித்தளைத் தகட்டைக் கையால் தட்டிப் புடைத்தெடுத்துச் சுவர் அளவுக்குச் சித்திரப் பலகைகள் செய்விக்கிறார். உலகத்தின் பெரிய வீடுகள் அவற்றைக் கேட்டு வாங்குகின்றன. அங்கேயும் அடிப்படை இதே சுத்தியல், இதே தகடு, இதே உலைதான். விற்பது எடையை அல்ல, தட்டிய கையை. நம் ஊரில் அந்தக் கைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. வேலை இல்லாததால் ஒருவர் வெல்டிங் கடையில் நிற்கிறார், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். எழுபதுகளில் தெருவுக்குத் தெரு பழைய பித்தளைக்கு எவர்சில்வர் மாற்றிக் கொடுத்துப் போனார்களே, அன்றைக்கு ஆரம்பித்த சரிவு. புளி போட்டுத் தேய்க்க ஆளில்லை, ஈயம் பூசுகிறவர் தெருவில் வருவதில்லை, அடுப்பும் மாறிவிட்டது. எங்கள் வீட்டிலேயே எவர்சில்வர்தான், மறைப்பானேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. அருங்காட்சியகம் கட்டச் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்த தவலையைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கும்.

அறையைத் திறப்பதென்று முடிவெடுத்தால், வண்டிக்காரருக்குச் சொல்லுமுன் எங்களுக்கு இரண்டு நாள் கொடுங்கள். அப்பாவும் நானும் இரண்டு பையன்களும் வருவோம். உயரம், வாய் அகலம், வயிற்றுச் சுற்றளவு, தகட்டின் கனம், பற்று எந்த இடத்தில் ஓடுகிறது, பல் எத்தனை, விளிம்பு எப்படி மடிந்திருக்கிறது என்று எழுதிக்கொள்வோம். படம் எடுப்போம். வெட்டியிருக்கும் பெயரை மைத்தாளில் தேய்த்து எடுத்து ஒரு பிரதி உங்களுக்கும் தருவோம். கூலி வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும். அதற்குப் பிறகு விற்பதும் வைப்பதும் உங்கள் விருப்பம். விற்றாலும் அதே மாதிரி ஒன்றை மறுபடி செய்ய எங்களிடம் அளவு இருக்கும்.

அடுத்தது, ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றைப் பொதுவில் நிறுத்துங்கள். யார் பங்கிலும் சேராமல் எல்லார் பங்கிலும் சேர்ந்தது என்று வையுங்கள். இடம் எங்கே என்று கேட்டால், பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து படைக்கிற படைப்பு வீடு இருக்கிறதே! முன்னோருக்குப் படைக்கிற அன்றைக்கு அந்த முன்னோர் புழங்கிய பானையிலேயே பொங்கட்டுமே. பூட்டி வைத்தால் களிம்பு ஏறும். புழங்கினால் ஈயம் பூச ஒரு ஆள் வேண்டியிருக்கும், ஓட்டை அடைக்க ஒரு ஆள் வேண்டியிருக்கும். எங்கள் தொழில் அப்படித்தான் பிழைக்கும்.

ஈயம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசுவது வெள்ளீயம், ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அதுதான். 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது என்று உங்கள் அப்பத்தா திட்டியிருப்பார்கள். நஞ்சு என்பது காரீயம். மலிவுக்காக இரண்டையும் கலந்து பூசுகிறவர்கள் உண்டு. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, பஞ்சால் தேய்த்து ஈயம் பரவுவதை நின்று பாருங்கள். ஈயக்கட்டி எங்கே வாங்கியது என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் கல்யாணச் சீர். இன்றும் சாமான் பரப்புகிறீர்கள், நல்லது. அதில் ஒரே ஒரு பாத்திரத்தையாவது கையால் தட்டியதாக வாங்குங்கள். எடை விலையைக் கடையோடு பேசுங்கள், செய்கூலியை ஆசாரியோடு பேசுங்கள். பெண்ணின் பெயரையும் தேதியையும் உளியால் வெட்டச் சொல்லுங்கள். பனையோலைக் கொட்டான் நம் கண்முன்னேதானே அழிந்துகொண்டிருந்தது? எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளையின் விசாலாட்சி ராமசாமி ஆச்சி கையில் எடுத்தார். பெண்கள் மறுபடி முடைந்தார்கள். புவிசார் குறியீடும் வந்தது. உங்களில் ஒருவர் நினைத்து நடந்த காரியம் அது.

ஆச்சிமார்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். அறைகளில் கிடக்கும் சாமானில் பெரும்பகுதி சீராக வந்தது. சீர் என்பது பெண்ணுக்குக் கொடுத்தது. அப்படியிருக்க, அதை விற்பதற்கான பேச்சில் எத்தனை இடத்தில் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்? நான் போன வீட்டில் தராசைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒரு வயதான ஆச்சி மட்டும் பட்டாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு, "அந்த அடுக்கு எங்க ஆயா வீட்டுல இருந்து வந்துச்சு" என்று இரண்டு தடவை சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பட்டியல் எழுத வரும்போது நாங்கள் முதலில் உங்களிடம்தான் உட்காருவோம். எந்தப் பாத்திரத்துக்கு என்ன பெயர், எதில் என்ன சமைத்தார்கள், எது எந்த ஊர் ஆசாரி செய்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அளவுமானி அதையெல்லாம் சொல்லாது.

பழம்பொருள் கடைக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாங்கி வைக்காவிட்டால் இன்னும் எத்தனையோ உலைக்குப் போயிருக்கும். பெயர் வெட்டிய பாத்திரத்துக்கு விலை கூட என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். எனக்குப் பயம் அவர்களுடைய கடைக்குக் கூடப் போகாமல் நேராக மூசைக்குப் போகிறதைப் பற்றித்தான்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு. இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வலது கண் அடுத்த மாதம். கை நடுங்கவில்லை. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாள் என்றாலும் வரச் சம்மதம். பின்கட்டு வாசலைத் திறந்து வைத்தால் போதும், அவருக்கு அந்த வழிதான் பழக்கம். தராசையும் எடுத்துப் போட வேண்டாம். எடையும் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
பாத்திர ஆசாரி மகள்,
கோட்டையூர்